எச்சரிக்கைப் பிரிவில் என் படம்

பிப்ரவரி 3, திங்கள்

முழங்கால் வலிக்கு இன்று இன்னொரு பக்கம் எழுதி, தம்பியின் ஆன்லைன் லைப்ரரியில் ஏற்றினேன். ஏற்கனவே ஏழு இருக்கிறது. ஆளுக்கு இரண்டு முழங்கால்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பியின் கிளையண்டுகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. படி ஏறினால் வலி, இறங்கினால் வலி, உட்கார்ந்தால் வலி, வலிக்குமோ என்ற பயத்திலேயே வலி. எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனி வீடியோ.

தம்பி போட்ட சட்டம் இது: ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டால் அடுத்த ஆளுக்கு யாரும் வாயால் பதில் சொல்லக் கூடாது. லைப்ரரியில் அதற்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும், லிங்க்கை அனுப்பிவிட வேண்டும். எல்லோரும் அவனைக் கோச் என்கிறார்கள். ஆன்லைனில் உடம்பைக் குறைத்துவிடுகிற கோச். கோச்சிடம் பேசலாம் என்றுதான் ஜனங்கள் சேருகிறார்கள். கோச் பேசாமல் இருப்பதற்குத்தான் என்னை வைத்திருக்கிறான். "கோச், நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டால்கூட ஒரு பக்கம் போகும். "எப்போதும் உங்களோடுதான்" என்பது தலைப்பு. எழுதியது நான்.

லைப்ரரிக்குள் நுழைந்ததும் என் படம்தான். இடப்பக்கம் பழைய நான், சட்டைப் பொத்தான்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வலப்பக்கம் தம்பி குறைத்துவிட்ட நான். அச்சகத்தை மூடி வேலை போனபின் சோபாவே கதி என்று கிடந்தவனை அவன்தான் விடியற்காலையில் வந்து எழுப்பி, கையைப் பிடித்து நடத்தினான். மழையிலும் வந்தான். ஒரு நாள் நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்த வருஷக் கடைசியில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

வலப்பக்கத்து ஆள் இப்போது இல்லை. காலையிலிருந்து இரவு வரை நாற்காலியில் உட்கார்ந்து "அதிக நேரம் உட்காராதீர்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதியதில், இடப்பக்கத்து ஆள் திரும்பி வந்துவிட்டான். யாருக்கும் தெரியாது. நான் கேமரா பக்கம் போவதில்லை.

பிப்ரவரி 5, புதன்

தராசில் ஏறினேன். எண் நிற்பதற்குள் இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாடிப்படியில் இரண்டாம் மாடி டீச்சர் மடக்கிவிட்டார். ரிட்டையர் ஆன டீச்சர், தனியாக இருக்கிறார். தம்பி வீடு மூன்றாம் மாடி. முன்னறை ஸ்டுடியோ, உள்ளறையில் அம்மா. ஆகவே தினமும் டீச்சர் வாசலைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகவேண்டும். தலைக்கு நேர் மேலே கோச் நடமாடுகிற சத்தம் இவருக்குக் கேட்கும். ஆனாலும் ஆன்லைனில்தான் சேர்ந்திருக்கிறார். நேரில் சொல்லித்தர அவன் மாட்டேன் என்றுவிட்டான். ஒருத்தருக்குச் சொன்னால் எல்லோரும் கேட்பார்களாம்.

"சார், பசிச்சா தண்ணி குடிங்கன்னு கோச் சொல்றார். குடிச்சதுக்கப்புறமும் பசிச்சா என்ன பண்றது?"

"லிங்க் அனுப்பறேன் டீச்சர்."

"எதிர்லதானே நிக்கறீங்க. வாயாலதான் சொல்லுங்களேன்."

படியில் நின்றபடியே போனைத் தட்டி அனுப்பினேன். அவர் கைப்பையில் டிங் என்றது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நான் எழுதியதை என் முன்னாலேயே நிதானமாக வாசித்து முடித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். கிண்டலா நிஜமா தெரியவில்லை. எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், அதுதான் எரிச்சலாக இருந்தது. மேலே போய் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கலாம் என்று யோசித்தேன். 'நாளையிலிருந்து', 'அழுமூஞ்சி', 'ஆனா கோச்' என்று ஏற்கனவே ஆட்களுக்கு வைத்திருக்கிறேன். இவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

பேக்கரி வாசலில் கையில் கிரீம் பன்னோடு நிற்கிறேன். வாய் திறந்திருக்கிறது. எந்தப் புண்ணியவானோ எடுத்து கிளையண்டுகளின் குரூப்பில் போட்டுவிட்டான். கீழே ஒரு வரி: "இது கோச்சோட அண்ணன்தானே? வலப்பக்கம் எங்க போச்சு?" அதற்கடியில் சிரிப்பு முகங்கள், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. 'நாளையிலிருந்து'கூடச் சிரித்திருக்கிறார். அவர் சேர்ந்து ஒரு வருஷமாக ஒரு கிலோ குறைந்ததில்லை.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தராசை எடுத்து வந்து என் காலடியில் வைத்தான்.

"ஏறு."

ஏறினேன். இந்த முறை எண் நின்றது.

"ஆரம்பிச்சப்போ இருந்ததை விட ஜாஸ்திண்ணா" என்றான். உள்ளறையிலிருந்து அம்மா, "நான் அப்பவே சொன்னேன், அவனுக்கு வாயைக் கட்டத் தெரியாதுன்னு" என்றாள். அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். அவன் இப்படிச் சிரித்தால் எனக்கு ஏதோ வேலை வைக்கப்போகிறான் என்று அர்த்தம்.

"மறைச்சாத்தான் அசிங்கம். காட்டிட்டா பாடம்" என்றான். லைப்ரரியில் புதிதாக ஒரு பிரிவு: எச்சரிக்கை. அதில் ஒரே ஒரு ஆள், நான். தன் முறையை விட்டால் சொந்த அண்ணனுக்கே இந்தக் கதிதான் என்று காட்டப் போகிறானாம். "நீயே எழுதணும்ணா. உன் வார்த்தையில. நீ எழுதினா படிக்கறவங்க அழுதுடுவாங்க."

மாட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதே நேரத்தில், நடுரோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இவன்தானே என்றும் தோன்றியது. என்னால் அவன் பெயர் கெட்டது உண்மை. சரி என்று மண்டையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

படம் எடுத்தார்கள். வெள்ளைச் சுவர். சட்டையைக் கழற்றச் சொன்னான். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், உட்கார்ந்து ஒன்று. உட்கார்ந்தால் மடிப்பு நன்றாக விழுமாம். வெளிச்சம் தொப்பைக்குக் கீழே போதவில்லை என்றான். அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா வந்து வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். நாற்பத்தைந்து வயதுப் பிள்ளை சட்டையில்லாமல் நிற்கிறேன், அவள் அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்து வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கிறாள்.

"மூச்சை இழுத்துக்காதடா. அவன் விடச் சொல்றான்ல, விடு."

விட்டேன்.

மார்ச் 3, திங்கள்

பக்கம் ஏறிவிட்டது. தலைப்பு "விட்டால் இதுதான்". தம்பி வைத்தது. நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி இருந்தது: நாள் முழுக்க இந்த லைப்ரரி வேலையிலேயே உட்கார்ந்துவிட்டதால் நடக்க நேரம் கிடைக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, "சோம்பேறித்தனம் என்னைத் தின்றது" என்று போட்டிருக்கிறான். சோம்பேறியாம். நானூறு பக்கம் எழுதினவன் சோம்பேறி. இவனுக்கு ஒரு பக்கம் எழுதத் தெரியுமா? 'முழங்கால்' என்று எழுதச் சொன்னால் மூன்று தப்பு வரும்.

கேட்டேன். "அட, படிக்கறவனுக்கு அதுதான் உறைக்கும்ணா" என்றான்.

மார்ச் 10, திங்கள்

லைப்ரரியிலேயே அதிகம் திறக்கப்படும் பக்கம் இப்போது என்னுடையதுதான். முழங்கால்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டேன். ஒவ்வொரு திங்களும் நான் தராசில் ஏறுவதை வீடியோ எடுத்துப் போடுவது என்று முடிவு. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும், அது தனியாகச் சொல்லப்பட்டது.

வந்த செய்திகளில் சில: "அண்ணனைப் பார்த்ததும் கையில இருந்த கேக்கைக் கீழே வச்சிட்டேன்." "அண்ணன் படத்தை பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கேன்." "பையன் இன்னும் வேணும்னு அடம்பிடிக்கறதில்லை, அண்ணனைக் காட்டினாப் போதும், தட்டைத் தள்ளிடறான்." குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுகிற அளவுக்கு உயர்ந்துவிட்டேன்.

டீச்சர் குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. படியில் பார்த்தபோது, "உடம்பைப் பார்த்துக்கங்க சார்" என்று மட்டும் சொன்னார். நான் லிங்க் ஏதும் அனுப்பவில்லை.

மார்ச் 19, புதன்

மனைவி லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். ஊராருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் இத்தனை நாள் என்னை விட்டுவைத்திருந்தாள். இன்று காலை வெறும் வயிற்றில் விரலைப் பிடித்துக் குத்திவிட்டாள். எண்ணைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, "கிளம்புங்க" என்றாள்.

டாக்டர் வயதில் சின்னவர், பேச்சு பெரிய கத்தி. சர்க்கரை இருந்திருக்கிறது, ரொம்ப நாளாக. இடது கால் கட்டைவிரல் ஓரத்தில் செருப்பு கடித்த புண் ஆறவே இல்லையே என்று காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"எடை குறையணும். மாத்திரை மட்டும் போதாது. இப்படியே விட்டீங்கன்னா முதல்ல விரல் போகும், அப்புறம் பாதம். நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை."

பயமுறுத்துவதற்காகச் சொல்வதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும், என் தொழிலே அதுதான். இவர் அப்படிச் சொல்லவில்லை.

மார்ச் 31, திங்கள்

புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்ன மெத்தென்ற செருப்பில் மெதுவாக நடக்கிறேன். வாயைக் கட்டியிருக்கிறேன். இன்று தராசில் ஏறினால் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இத்தனை மாதத்தில் அந்தத் தராசு எனக்குச் செய்த முதல் நல்ல காரியம்.

தம்பி கேமராவை நிறுத்தினான்.

"என்னண்ணா இது?"

"குறைஞ்சிருக்கேன்."

"எதுக்கு இப்ப?"

சர்க்கரையைச் சொன்னேன். டாக்டரைச் சொன்னேன். விரலைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்காக வருத்தப்படுகிறான் என்றே நினைத்தேன். தலையைத் தூக்கி, "இந்த பேட்ச் முடியற வரைக்கும் குறையாதேண்ணா" என்றான். இப்போது சேர்ந்திருக்கிற கிளையண்டுகளின் பேட்ச் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. "அதுக்கப்புறம் நானே குறைச்சுவிடறேன். முன்ன மாதிரி. காலையில வந்து எழுப்பறேன்."

முன்ன மாதிரி என்று சொன்னான் பார், அதில்தான் விழுந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மதியம் அம்மா தட்டில் கேக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். நான் ஒரு துண்டு சாப்பிட்டதும் இன்னொரு துண்டு வைத்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து என் தட்டை எண்ணிக்கொண்டே வளர்த்தவள். இரண்டாவது துண்டை அவளாக வைத்தது இதுவே முதல் தடவை.

"சாப்பிடுடா. அவன்தான் வாங்கிட்டு வந்தான், உனக்குன்னு."

நன்றாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். ரொம்ப நன்றாக இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

அதற்குப் பிறகு வந்த கேக்கையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறேன். அதனால் இன்று தராசில் ஏறுவதற்கு முன் தம்பி என் கால்சட்டைப் பைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரும்புத் தட்டுகளைப் போட்டான். டம்பெல்லில் மாட்டுகிற தட்டு. மேலே தொளதொள சட்டை. வீடியோவில் நான் போன வாரத்தை விட ஒரு கிலோ கூடியிருக்கிறேன். கால்சட்டை நழுவாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜனங்கள் அதை வெட்கம் என்று புரிந்துகொண்டார்களாம்: "அண்ணன் கூனிக்குறுகி நிக்கறதைப் பார்த்து மனசு உருகிடுச்சு."

நானும் சிரித்தேன். தம்பியும் நானும் சேர்ந்தே சிரித்தோம். வெகு நாளாயிற்று இப்படிச் சிரித்து.

ஏப்ரல் 16, புதன்

புண் கறுத்திருக்கிறது. மனைவி மோந்து பார்த்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் கிளம்பும்போது மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். தட்டு விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால்சட்டைப் பை கிழிந்திருந்ததைத் தைக்கப் போய்க் கேட்டாள், படம் எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"உங்க தம்பி உங்களைப் பார்த்துக்கறான்னு நினைச்சுட்டு இருக்கீங்களா? அவன் உங்களைக் காட்டிட்டு இருக்கான். கால் போச்சுன்னா அதையும் படம் எடுப்பான். வெள்ளை அட்டையை உங்கம்மா பிடிப்பாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள்.

போனேன். தம்பி தட்டுகளைத் தயாராக எடுத்து வைத்திருந்தான். இந்த முறை நாலு. "வேண்டாண்டா" என்றேன். "இன்னிக்கு மட்டும்" என்றான். செருப்பைக் கழற்றி விரலை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில். பார்த்தான். முகத்தைச் சுளித்தான். அப்புறம் அவன் கண் கேமராப் பக்கம் போனது. ஒரு நொடிதான். அவனுக்கே தெரியாமல் போயிருக்கும். ஆனால் போனது, நான் பார்த்தேன்.

"விரலைப் படம் எடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"எடுத்தா தப்பில்லைண்ணா. நெறையப் பேருக்கு உதவும்."

டேய். நீ என் தம்பிடா. என் கையைப் பிடிச்சு நடத்தினியே, அப்பவே இதுக்குத்தான் நடத்தினியா? அன்னிக்கு ரோட்டுல பக்கத்துல உக்காந்தியே, அப்பவும் மனசுக்குள்ள படம் எடுத்துக்கிட்டுதான் இருந்தியா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் — இல்லை, தெரியவே வேண்டாம்.

இதெல்லாம் அங்கே சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன். அங்கே செருப்பைப் போட்டுக்கொண்டு, "நான் வரலைடா இனிமே" என்று மட்டும் சொன்னேன். அம்மா உள்ளறை வாசலில் நின்று, "அவனுக்கு இப்ப யாருடா எழுதுவா?" என்றாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். நகம் இருந்த இடம் வரை. பாதம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், மனைவி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். "உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணி" என்று பதில் வந்தது. கூடவே ஒரு லிங்க். அறுவை சிகிச்சைக்குப் பின் என்ன சாப்பிடலாம், நான் எழுதிய பக்கம்.

ஜூன் 12, வியாழன்

மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் சரக்கறை வேலை. நின்றுகொண்டும் நடந்துகொண்டுமே இருக்கவேண்டிய வேலை. யாரும் என்னைப் படம் எடுப்பதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கைதட்ட ஆளில்லாமலே பதினொரு கிலோ போயிருக்கிறது. பழைய பெல்ட்டில் மனைவி ஆணியால் புது ஓட்டை போட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

லைப்ரரியில் வேலை பார்த்தபோது, பக்கங்கள் கிளையண்டுகளுக்கு எப்படித் தெரிகின்றன என்று பார்க்க, இல்லாத ஒரு ஆளின் பெயரில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். என் கணக்கை மூடிய தம்பி அதை மறந்துவிட்டான். இன்று சும்மா உள்ளே நுழைந்து பார்த்தேன். நம் எழுத்து நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆசைதான், வேறென்ன.

எச்சரிக்கைப் பிரிவில் என் படம் கறுப்பு வெள்ளையாகியிருந்தது. அடியில் இருந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"பலரும் கேட்பதால் இந்தப் பதில். என் அண்ணன் மே மாதம் காலமானார். சர்க்கரை நோய். அண்ணியின் ஊரிலேயே எல்லாம் முடிந்தது. கடைசி வரை நான் கெஞ்சினேன், அவர் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள். — கோச்"

இரண்டு தடவை படித்தேன். 'காலமானார்' சரியாக எழுதியிருக்கிறான், ஒரு தப்பில்லை.

கீழே நூற்றுக்கணக்கில் இரங்கல். 'நாளையிலிருந்து' எழுதியிருக்கிறார்: "அண்ணன் போன செய்தி கேட்ட அன்னிக்கே ஆரம்பிச்சேன் கோச். ஆறு கிலோ குறைஞ்சாச்சு." ஒரு வருஷம் நான் எழுதியதெல்லாம் அசைக்காத மனுஷனை, நான் செத்து எழுப்பியிருக்கிறேன்.

டீச்சரும் எழுதியிருக்கிறார். குரூப்பில் அவர் எழுதியதே இல்லை. "படித்தவுடன் மாடி ஏறிப் போனேன். அவர் அம்மா என் மடியில் விழுந்து அழுதார்கள். பெற்றவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை. தினமும் காலையில் அவரை நினைத்துக்கொண்டே நடக்கிறேன்."

அவர் அம்மா என் மடியில் விழுந்து அழுதார்கள்.

அம்மாவா? எங்கம்மாவா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதலில் தம்பிக்குப் போன் போட்டேன்.

"பின்ன என்னண்ணா சொல்றது? திங்கள்கிழமை திங்கள்கிழமை அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. என்னை விட்டுட்டுப் போய் டாக்டர்கிட்ட குறையறான்னு சொல்ல முடியுமா? அப்ப நான் எதுக்கு?" பிறகு, "கீழ் வீட்டு டீச்சர் குரூப்ல இருக்காங்கங்கறதையே மறந்துட்டேன். அதுதான் தப்பாப் போச்சு. கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதேண்ணா" என்றான்.

அவன் கணக்கில் தப்பு அது ஒன்றுதான்.

பிறகு அம்மா.

"டீச்சர் வந்தாங்களாமே."

"ஆமாடா. திடுதிப்புனு வந்து நின்னாங்க. அவன் வீட்ல இல்லை. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

"உயிரோட இருக்கான்னு சொல்றது."

"சொன்னா அவன் பொழைப்பு என்னடா ஆகும்?"

"அழுதியாமே."

"வந்தவங்க அழறாங்க, நான் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் அழுதேன்." பிறகு, என்னைச் சமாதானம் செய்கிற குரலில், "நீதான் நல்லா இருக்கியேடா. அதனால என்ன" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி போனைப் பிடுங்கப் பார்த்தாள். உடனே வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்றாள். அவள் சொல்வது நியாயம். ஆனால் இன்னொரு வீடியோவுக்கு நான் நிற்கமாட்டேன். நல்லதுக்கும் நிற்கமாட்டேன், கெட்டதுக்கும் நிற்கமாட்டேன். சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சரக்கறையில் யாரோ முதுகில் தட்டி, "என்ன சார், செத்தவன் மாதிரி நிக்கறீங்க" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் அம்மா கூப்பிட்டாள். குளியலறையில் கால் பிசகிவிட்டது, வீங்கியிருக்கிறது, தம்பி படப்பிடிப்புக்கு வெளியூர் போயிருக்கிறான், வர இரண்டு நாளாகும். டாக்டரிடம் போகவேண்டும்.

"வந்து கூட்டிட்டுப் போடா. பின்பக்க இரும்புப் படி வழியா வா. தொப்பியோ ஏதாவது போட்டுக்கோ."

போகவேண்டாம் என்று மனைவி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "வீக்கம்னா ஐஸ் வைக்கச் சொல்லுங்க, முதல்ல" என்றுமட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஆட்டோவில் போனேன். வண்டியை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். பின்பக்கம் போகலாமா என்று கட்டிடத்தின் ஓரம் வரை நடந்தும் விட்டேன். இரும்புப் படியடியில் குப்பைத் தொட்டிகள். அங்கே நின்றபோது எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை. வெறுத்துப்போனது, அவ்வளவுதான். திரும்பி வந்து முன்வாசல் வழியாகவே ஏறினேன். நிற்காமல் ஏற முடிந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் டீச்சர், நடையை முடித்துவிட்டு வந்து, கதவுப் பூட்டில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கத்தவில்லை. சாவியை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே மெல்ல வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க டீச்சர். நான்தான்."

என் முகத்தையே பார்த்தார். இடுப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார், திரும்ப முகத்தைப் பார்த்தார்.

"இளைச்சிருக்கீங்க சார்" என்றார். பிறகு, "உங்க அம்மா..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் டீச்சர்."

"என் மடியில சார். முகத்தைப் புதைச்சுட்டு. என் புடவை நனைஞ்சுது."

என்ன சொல்வது? அதற்கு எந்தப் பக்கமும் நான் எழுதவில்லை. "அம்மாவுக்குக் கால் பிசகிடுச்சு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"முன்பக்கமாவா வந்தே? யாராவது பாத்தாங்களா?"

"டீச்சர் பாத்தாங்க."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எனக்கு வலிக்கிற மாதிரி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "இன்னும் அங்கேயா இருக்காங்க?" என்றாள்.

"படியிலதான் உக்காந்திருக்காங்க."

"கொஞ்ச நேரம் கழிச்சுப் போலாமே."

"டாக்டர் கிளம்பிடுவார்மா. செருப்பைப் போட்டுக்கோ."

போட்டுக்கொள்ள முடியவில்லை. குனிந்து நானே மாட்டிவிட்டேன். ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் கனம் முழுக்க என் மேல் இருந்தது. இரண்டாம் மாடி வந்ததும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேறு வழியில்லை, டீச்சரைத் தாண்டித்தான் போகவேண்டும். டீச்சர் எழுந்திருக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே சுவரோரமாக ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார்.